கைமாறிய கம்பெனி சொல்லும் பாடம்

துப்பாக்கிக்கும் துவரம் பருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இதைப் படிக்கும் அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நன்றாக நடப்பதாகத் தோன்றிய ஒரு தொழிலை அதன் சொந்தக்காரர்களிடமிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கி, இருபது மாதத்துக்குள் நொடித்துப்போன ஒரு கம்பெனியின் கதையை இங்கே சொல்லப் போகிறோம். அது நடந்தது அமெரிக்காவில், சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் கம்பெனி செய்தது துப்பாக்கி. ஆனால் அது கெட்ட வழி நமது கடைவீதிகளில் நாம் கண்ணால் பார்க்கும் வழிதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில காலமாக நமது வட்டாரத்தில் கடைகள் கைமாறுவதைப் பார்த்து வருகிறோம். தகப்பனார் நாற்பது, ஐம்பது வருடம் உட்கார்ந்த கல்லாவில் மகன் உட்கார விரும்புவதில்லை. படித்தான், வெளியூருக்கு வேலைக்குப் போனான், அங்கேயே வீடு வாங்கினான். பெரியவருக்கு முழங்கால் வலி. கடையைப் பெயரோடு, சரக்கோடு, வாடிக்கையோடு கொடுத்துவிடுகிறோம் என்கிறார். வாங்குவதற்கு ஒரு இளைஞர் வருகிறார். நகையை அடகு வைத்து, பேங்கில் கடன் எடுத்து, மாமனார் கொடுத்ததையும் சேர்த்து வாங்குகிறார். அவர் என்ன வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரிகிறதா என்பதே நமது கேள்வி.

சரக்கு பிறந்த விதம்

நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்று ஒருவர் இருந்தார். நம் வீட்டுப் பெண்கள் புடவைக்குக் குத்திக்கொள்ளும் ஊக்கு அவர் கண்டுபிடித்தது. 1849-ல் அதற்குப் பேடண்ட் வாங்கி, அந்த உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்ட மனிதர் அவர். யோசனை உண்டு, வியாபாரம் தெரியாது.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால், குழல் வாயில் மறுபடி மருந்து கொட்டி, குண்டை இடித்து இறக்கி, பிறகுதான் அடுத்த முறை சுட முடியும். இடைவிடாமல் பல முறை சுடும் துப்பாக்கி வேண்டும் என்று பலரும் முயன்று கொண்டிருந்தார்கள். ஹன்ட் 1848-ல் ஒரு புதுவிதக் குண்டுக்குப் பேடண்ட் பெற்றார். குண்டின் பின்பக்கம் குடைந்து, அந்தக் குழிக்குள்ளேயே மருந்தை அடைத்து, தக்கையால் மூடினார். மருந்தும் குண்டும் ஒன்றாகிவிட்டதால், குழலுக்குக் கீழே ஒரு நீண்ட குழாயில் இவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக மேலே ஏற்றிச் சுடலாம் என்பது அவர் எண்ணம். எண்ணம் அருமையானது. துப்பாக்கியாகச் செய்து பார்த்தால் சிக்கல் நிறைய இருந்தது.

உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் கோர்ட்லண்ட் பாமர் என்ற நியூயார்க் தனவந்தரிடம் வந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் என்ற பட்டறையில் 5,000 துப்பாக்கி செய்ய ஏற்பாடானது. அவை நன்றாக ஓடவில்லை. ஆனால் அந்த முயற்சியில் கைவைத்த இரண்டு தொழிலாளிகள் பின்னால் பேர் வாங்கியவர்கள். ஒருவர் ஹோரேஸ் ஸ்மித். இன்னொருவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. ஹென்றியின் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பிறகு வருவார்.

1854-ல் ஹோரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸன் என்பவரும் சேர்ந்து, துப்பாக்கியைத் திருத்தி அமைத்துப் பேடண்ட் பெற்றார்கள். பாமர் பணம் போட்டார். கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்ற ஊரில் மூவரும் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். கீழே இருக்கும் பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த குண்டு தானே ஏறிவிடும். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஒரு வருடம்தான் நடந்தது. 1855 ஜூலையில் அந்தத் தொழிலை முழுவதுமாக ஒரு புதுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்தப் புதுக் கம்பெனியின் பெயர் வால்கானிக் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி. வால்கானிக் என்றால் எரிமலை போன்றது என்று பொருள். பெயரில் குறை ஒன்றும் இல்லை.

ஐந்தொகையைப் பார்ப்போம்

வாங்கியவர்கள் யார்? நியூ ஹேவன் நகரத்திலும் நியூயார்க்கிலும் இருந்த கடிகாரம் செய்பவர்கள், குதிரை வண்டி செய்பவர்கள், இன்னும் பல தொழில்களில் நாலு காசு பார்த்தவர்கள். சட்டை தைத்து விற்கும் ஆலிவர் வின்செஸ்டர் என்பவரும் அவர்களில் ஒருவர். கச்சிதமாகத் தைக்கும் ஒரு முறைக்கு 1848-ல் பேடண்ட் பெற்று, கூட்டாளியோடு நியூ ஹேவனில் சட்டை உற்பத்தி நடத்தி வந்தவர். துப்பாக்கித் தொழில் தெரிந்து அதில் இறங்கியவர் அல்லர்.

கம்பெனியின் மூலதனம் 1,50,000 டாலர். பங்கு ஒன்று 25 டாலர் வீதம் 6,000 பங்குகள். இதில் பழைய சொந்தக்காரர்கள் மூவருக்கும் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை, ரொக்கம் 65,000 டாலரும் 2,800 பங்குகளும். ரொக்கம் தவணை முறையில்.

நாம் வியாபாரிகள். பேரேடு பார்க்கத் தெரிந்தவர்கள். கூட்டிக் கழித்துப் பார்ப்போம். 2,800 பங்குகள் விற்றவர்களுக்கே போய்விட்டன. மீதி 3,200 பங்குகள். அவை அத்தனையும் விற்று, பணம் முழுவதும் வந்து சேர்ந்திருந்தாலும் 80,000 டாலர். அதில் 65,000 விலைக்கே போய்விடும். பாக்கி 15,000. இதை வைத்துக்கொண்டுதான் தொழிற்சாலை நடத்த வேண்டும், இரும்பும் பித்தளையும் ஈயமும் வாங்க வேண்டும், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், கடைக்காரர்களுக்குக் கடனில் சரக்கு அனுப்ப வேண்டும். 1856-ன் தொடக்கத்தில் தொழிற்சாலையை நார்விச்சிலிருந்து நியூ ஹேவனுக்கு மாற்றினார்கள். அந்தச் செலவும் உண்டு.

ஒன்றரை லட்சம் முதல் போட்ட கம்பெனி என்று வெளியே பெயர். உள்ளே நடைமுதல் பதினைந்தாயிரம். பெட்டிக்குள் இருக்க வேண்டிய பணம் விற்றவர் வீட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் கடன்தான். கடன் வாங்கினார்கள்.

இரண்டு பேர் வெளியே போனார்கள்

அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. துப்பாக்கியின் உள்ளும் புறமும் அறிந்தவர் ஸ்மித். அவர் சீக்கிரமே விலகினார். வெஸ்ஸன் சில மாதம் தொழிற்சாலையை மேற்பார்வை பார்த்தார். பிறகு அவரும் விலகினார்.

விலகியவர்கள் சும்மா இருக்கவில்லை. ரோலின் ஒயிட் என்பவர் 1855-ல் பெற்றிருந்த ஒரு பேடண்டை, 1856 நவம்பரில் உரிமைத் தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உருளையின் பின்பக்கத்திலிருந்து தோட்டாவைச் செருகும் முறை அது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் ஒயிட்டுக்கு என்று பேச்சு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் புதிதாகக் கடை விரித்தார்கள். 1857-ல் உலோக ஓடு போட்ட சிறு தோட்டாவுக்கான ரிவால்வரை வெளியிட்டார்கள். அது நன்றாக ஓடியது. அந்தக் கடையின் பெயர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இன்றைக்கும் உலகம் அறிந்த பெயர்.

அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வால்கானிக் கம்பெனி வாங்கியது இயந்திரம், பேடண்ட், கிடப்பில் இருந்த சரக்கு. ஸ்மித்தும் வெஸ்ஸனும் தங்கள் கையையும் பெயரையும் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள். விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படாத அந்த இரண்டும்தான் தொழில்.

சரக்கில் குற்றம்

இவ்வளவும் இருந்தாலும் சரக்கு சுத்தமாக இருந்தால் சமாளித்திருக்கலாம். சரக்கில் குற்றம் இருந்தது. குண்டின் குழிக்குள் அடைக்கும் மருந்து மிகக் கொஞ்சம். அதனால் அடியில் வேகம் இல்லை. தோட்டாவுக்கு ஓடு இல்லாததால் வெடித்த புகை பின்பக்கம் கசிந்தது. சில நேரம் வெடிக்காமலே போனது. அதே காலத்தில் சந்தையில் கோல்ட் கம்பெனியின் ரிவால்வர் இருந்தது. அது பழைய முறைதான், மருந்தைத் தனியாகப் போட வேண்டும். ஆனால் அடித்தால் அடிபடும். வாங்குகிறவன் எதை வாங்குவான்?

நமது பெரியவர்கள் சொல்வார்கள், செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா என்று. சரக்கு முறுக்காக இருந்தால் கடைக்காரன் முகம் சுளித்தாலும் ஜனம் வரும். சரக்கு தளர்ந்தால், பல்லைக் காட்டிக் கூப்பிட்டாலும் வராது. வால்கானிக் கம்பெனியில் செட்டியார் முறுக்காக இருந்தார். சரக்கு தளர்ந்திருந்தது.

சரக்கு தேங்கியது. கடன் ஏறியது. கம்பெனியின் தலைவர் நெல்சன் கேஸ்டன் 1856 டிசம்பரில் இறந்துபோனார். வின்செஸ்டர் தலைவரானார். 1857 பிப்ரவரியில் கம்பெனி நொடித்தது. பிறந்து இருபது மாதம்கூட ஆகவில்லை.

காலம் கெட்டது, அதனால்தான் என்று சொல்ல இடம் இல்லை. அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி வந்து பேங்குகள் கதவை மூடியது அதே 1857-ல்தான். ஆனால் அது ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு. இந்தக் கம்பெனி நல்ல காலத்திலேயே, அதற்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்டது. கடை கெட்டால் ஊரையும் காலத்தையும் குறை சொல்வது நமக்குப் பழக்கம். முதலில் கிடங்கைப் பார்க்க வேண்டும்.

மறுபடி வாங்கியவர் என்ன செய்தார்?

1857 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் சொத்து அனைத்தையும் வின்செஸ்டர் 40,000 டாலருக்கு வாங்கினார். ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன் ரொக்கமும் பங்குமாகச் சேர்த்து 1,35,000 டாலர் மதிப்புப் போட்டு வாங்கிய தொழில் அது. நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி என்று வேறு பெயரில் 50,000 டாலர் மூலதனத்தில் தொடங்கினார். முதல் கம்பெனியில் பங்கு வாங்கிய கடிகாரக்காரரும் வண்டிக்காரரும் போட்ட பணம் என்னவாயிற்று என்று நாம் சொல்லத் தேவையில்லை.

வின்செஸ்டர் செய்ததில் நாம் கற்க வேண்டியது இது. பழைய துப்பாக்கியை இன்னும் சில காலம் விற்றுப் பார்த்தார். அது ஓடாது என்று தெரிந்தது. 1858-ல், முன்பே இந்தத் துப்பாக்கியில் கைவைத்துப் பழகிய ஹென்றியை வேலைக்கு எடுத்தார். ஹென்றி குற்றம் எங்கே என்று பார்த்தார். குற்றம் துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில் இருந்தது. குடைந்த குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருந்து தாராளமாகப் பிடிக்கும் உலோக ஓடு போட்ட தோட்டாவைச் செய்தார். அதற்கு ஏற்றபடி துப்பாக்கியைத் திருத்தினார். 1860 அக்டோபர் 16-ல் பேடண்ட் கிடைத்தது. ஒரே முறை நிரப்பினால் 16 தோட்டா அந்தக் குழாயில் நிற்கும். 1866 வரையில் சுமார் 14,000 ஹென்றி துப்பாக்கிகள் செய்தார்கள். 1866-ல் கம்பெனி வின்செஸ்டர் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி ஆனது. நியூ ஹேவனில் அந்தப் பெயரில் துப்பாக்கி செய்த தொழிற்சாலை 2006-ல்தான் மூடப்பட்டது.

அந்தத் துப்பாக்கிகள் உலகத்துக்கு நன்மை செய்தனவா என்று கேட்டால் நாம் ஆம் என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் அவற்றால் பட்டது கொஞ்சமல்ல. நாம் பார்ப்பது கணக்கை மட்டும். அதே இயந்திரம், அதே பிடி, அதே குழாய். ஒரு கையில் இருபது மாதத்தில் மூழ்கியது. இன்னொரு கையில் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது, சரக்கில் இருந்த குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்ததுதான்.

அந்த ஆளையும் வின்செஸ்டர் கடைசி வரை மனம் நோகாமல் வைத்துக்கொள்ளவில்லை. தனக்குத் தகுந்த பங்கு கிடைக்கவில்லை என்று ஹென்றி மனம் கசந்து, வின்செஸ்டர் ஐரோப்பாவில் இருந்த சமயம், கம்பெனியையே தன் கைக்கு மாற்றிக்கொள்ள மாநிலச் சட்டசபை வரை போனார். வின்செஸ்டர் திரும்பி வந்து கம்பெனியைப் புதுப் பெயரில் மாற்றி அமைத்துக் காப்பாற்றிக்கொண்டார். தொழில் தெரிந்தவனுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காவிட்டால் என்ன வரும் என்பதற்கு இதுவும் சாட்சி.

நாமும் பட்டிருக்கிறோம்

ஊருக்கு உபதேசம் என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். இந்தப் பாடத்துக்கு நாம் சம்பளம் கட்டியிருக்கிறோம்.

1994-ல் நமது வீதியிலேயே ஒரு பருப்பு மண்டியை நாமும் நமது தம்பியும் சேர்ந்து பெயரோடு வாங்கினோம். நல்ல பெயர். மூன்று தாலுகா மளிகைக் கடைக்காரர்கள் வந்து போகும் இடம். பெயர்ப் பலகை, தராசு, மேசை, டெலிபோன் இணைப்பு, கிடங்கில் இருந்த சரக்கு, வரவேண்டிய பாக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை. பெயருக்கென்று தனியாகப் பெரிய தொகை கொடுத்தோம். கையில் இருந்தது முழுவதும் அதிலேயே போய்விட்டது. கொள்முதலுக்கு வட்டிக்கு வாங்கினோம்.

கிடங்கில் மேல் அடுக்கு மூட்டைகளில் குத்தூசி போட்டுப் பார்த்தோம். பருப்பு பொன்னாக இருந்தது. அடி அடுக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. பெரியவர் முகத்துக்கு அஞ்சினோம். இரண்டு மாதம் கழித்து அடி மூட்டையை இழுத்தால் மாவும் வண்டும் கொட்டியது.

அதுகூடப் பெரிதில்லை. அந்த மண்டியில் முப்பது வருடம் இருந்த கணக்குப்பிள்ளை ஒருவர் உண்டு. எந்த ஊர்க் கடைக்காரர் அறுவடை முடிந்து கொடுப்பார், யார் தீபாவளிக்கு முன்னால் கொடுப்பார், யாரிடம் கேட்டால்தான் வரும், யாரிடம் கேட்டால் கோபம் வரும் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது, பேரேட்டில் இல்லை. நாம் வாங்கிய பின் அவர் மாதம் 300 ரூபாய் கூட்டிக் கேட்டார். தம்பி கொடுக்கலாம் என்றார். நாம்தான் வேண்டாம் என்றோம். கணக்கு எழுத ஆளா கிடைக்காது என்றோம்.

அவர் பக்கத்து வீதியில் வேறொரு மண்டிக்குப் போனார். தைக்குள் பாதி வாடிக்கை அங்கே போய்விட்டது. பாக்கிப் பட்டியலில் இருந்த பெயர்களைத் தேடிப் போனால், அதைப் பழைய முதலாளியிடம் அப்போதே நேர்செய்துவிட்டோமே என்றார்கள். உண்மையா, பொய்யா என்று சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. பதினாறு மாதம் நடத்தி மூடினோம். தம்பியின் பங்குப் பணம் அவர் மகளுடைய கல்யாணத்துக்கென்று சேர்த்தது. அதைத் திருப்பிக் கொடுத்து முடிக்க நமக்கு ஆறு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் அந்தப் பெயர்ப் பலகை நமது கிடங்கின் பின்பக்கம் சுவரில் சாய்ந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அந்த 300 ரூபாய்தான் நினைவுக்கு வரும்.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

ஆகவே கடையை எடுத்து நடத்த விரும்பும் நமது இளம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்வது சில உண்டு.

முதலாவது, விலையைப் பேசும் முன் நடைமுதலைத் தனியாக எடுத்து வையுங்கள். கடை வாங்கிய மறுநாள் கொள்முதலுக்குக் கையில் என்ன இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் இராது என்றால் அந்தக் கடை உங்களுக்கு அல்ல, எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் சரி. விலையில் ஒரு பகுதியையாவது தவணையாக்கி, வரும் லாபத்திலிருந்து கொடுப்பதாகப் பேசுங்கள். விற்பவருக்குத் தம் கடைமேல் நம்பிக்கை இருந்தால் சம்மதிப்பார்.

இரண்டாவது, அடி அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். மரியாதைக்கும் குத்தூசிக்கும் சம்பந்தம் இல்லை. காலாவதித் தேதி போட்ட சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுங்கள். கம்பெனிகள் திரும்ப எடுக்க வேண்டிய சரக்கு எவ்வளவு, எடுத்துக்கொள்வார்களா என்று விற்பனைப் பிரதிநிதியிடம் நேரில் கேளுங்கள். வாடிக்கையாளர் பாக்கியை, பட்டியலைப் பார்த்து விலைக்கு வாங்காதீர்கள். ஆளைப் பார்த்து, அவர் ஒப்புக்கொண்டதை எழுதி வாங்கிக்கொண்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வரி. ஜிஎஸ்டி சட்டத்தின் 85-வது பிரிவின்படி, ஒரு தொழிலை விற்றால், விற்ற நாள் வரை இருந்த வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கைமாறிய பிறகு நோட்டீசு வந்தால் அது என் காலத்துப் பாக்கி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பழைய சொந்தக்காரரின் கணக்கை உங்கள் ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உணவுப் பொருள் விற்க அவர் வைத்திருந்த லைசென்சும் விலைக்கு வராது. உங்கள் பெயரில் புதிதாகப் பெற வேண்டும்.

நான்காவது, ஆள். அந்தக் கடையில் சரக்கும் வாடிக்கையும் தெரிந்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அது முதலாளியாக இருக்கலாம். அவர் ஆறு மாதமாவது வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் பொட்டலம் மடிக்கும் பெரியவராக இருக்கலாம். அவர் கேட்பதைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகைக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அவருக்குக் கொடுத்தால் போதும்.

பெயருக்குத்தானே ஜனம் வருகிறது, பெயர் இல்லாமல் என்ன வியாபாரம் என்று சிலர் கேட்பார்கள். பெயர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெயர் என்பது நேற்று வரை நல்ல சரக்கு கொடுத்ததற்குக் கிடைத்த ரசீது. நாளைக்குக் கெட்ட சரக்கு கொடுத்தால் அந்த ரசீது செல்லாது. வால்கானிக் என்ற பெயர் இன்று பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு மட்டும் தெரியும். வின்செஸ்டர் அதை இழுத்துக்கொண்டு அலையவில்லை. சரக்கைத் திருத்தினார், புதுப் பெயர் தானாக வந்தது.

விற்போருக்கும் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை

விற்கும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் எடை குறையாமல் கொடுத்த கை, கடைசியாக விற்கும் சரக்கு கடையே. அதிலும் எடை குறையக் கூடாது. அடி மூட்டையில் வண்டு இருந்தால் இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் நம் பிள்ளை வயதுக்காரர். அவர் நொடித்தால் அவருக்குக் கடன் கொடுத்த மொத்த வியாபாரிகளான நாமும் நஷ்டப்படுவோம். ஒரு கடை மூடினால் அந்த வீதிக்கு வரும் ஜனமும் குறையும்.

நமது சங்கம் இதில் ஒரு காரியம் செய்யலாம் என்பது நமது யோசனை. வெளியில் இருந்து யாரும் வந்து செய்யப் போவதில்லை. அனுபவமுள்ள மூத்த அங்கத்தினர் மூவரைக் கொண்ட ஒரு குழுவைச் சங்கமே அமைக்க வேண்டும். அங்கத்தினர் ஒருவர் கடையை விற்க விரும்பி, மற்றொருவர் வாங்க விரும்பினால், இருவரும் ஒப்புக்கொண்டால், அந்த மூவரும் போய்க் கிடங்கையும் கணக்கையும் பார்த்து, கண்டதைக் கண்டபடி இருவரிடமும் சொல்ல வேண்டும். விலை பேசுவது அவர்கள் வேலை அல்ல. கட்டணம் வேண்டாம்; ஒரு காப்பி போதும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நாம் எண்ணியிருக்கிறோம். குத்தூசியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வரவும் தயாராக இருக்கிறோம்.

அங்கத்தினர்கள் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.